காணாமல் போன கிளிமூக்கு

ஒரே மாங்காயை நான்கு காயாக்கி, அப்புறம் அந்த நான்கையும் காணாமல் அடித்த ஆள் நான். மந்திரவாதி என்று நினைத்துவிட வேண்டாம். மந்திரவாதிக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது தெரியும். எனக்கு அது தெரிவதற்குள் மாம்பழ சீசனில் ஒரு வாரம் போய்விட்டது. அதற்குள் என் அக்கா புருஷனைத் திருடனாகவும் ஆக்கியிருந்தேன்.

இடம் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில், மெயின்ரோட்டை ஒட்டிய ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலை. கோடையில் சுற்றுப்பட்டுத் தோப்புகளிலிருந்து டிராக்டர் டிராக்டராகக் காய் வரும். கேட்டில் பதிவாகும், எடைமேடையில் ஏறி இறங்கும். ஷெட்டில் பரப்பிப் பழுக்க வைப்பார்கள். பழுத்தது கூழ் ஹாலுக்குப் போய், டின்னில் அடைபட்டு, துறைமுகம் வழியாக துபாய்க்கும் அதற்கு அப்பாலும் போகும். நாடு கதவைத் திறந்துவிட்ட பிறகு எங்கள் பக்கத்திலிருந்து கும்பல் கும்பலாக வெளிநாடு போனவை முதலில் மாம்பழங்கள். அடுத்து, என்னோடு கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவர்கள். நான் பெங்களூர் வரைக்கும் போனேன். போய்ச் சேர்ந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். என்னால்தான் மூடினார்கள் என்று சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய பொறுப்பெல்லாம் அங்கே எனக்குக் கொடுக்கவில்லை.

பிச்சாட்டூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கே திரும்பி வந்து, பகலில் தூங்கி மாலையில் ஏரிக்கரையில் உலாத்திக்கொண்டிருந்தேன். என்னைக் கைதூக்கிவிட்டவர் மாமா. அக்கா புருஷன். அந்தத் தொழிற்சாலையில் பழுக்க வைக்கும் ஷெட்டுக்கு அவர்தான் மேஸ்திரி. ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர், காயை முகர்ந்து பார்த்தே இது நாளைக்குப் பழுக்கும், இது மறுநாளைக்கு என்று பிரித்து வைக்கிற அளவுக்கு அங்கே வளர்ந்திருந்தார். அந்த வேலையை நம்பித்தான் அக்கா மகளைத் திருப்பதியில் இன்ஜினியரிங் காலேஜில் சேர்த்திருந்தார்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் காலேஜ் ஹாஸ்டலில் தங்கிப் படித்த முதல் பெண் அவள்.

முதலாளி திருப்பதிக்காரர், தெலுங்கு பேசுகிறவர். வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். தொழிற்சாலை முழுவதையும் கம்ப்யூட்டரில் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்திருந்த நேரம் பார்த்து, மாமா போய் நின்றிருக்கிறார்.

"எங்க மச்சான் ஒருத்தன் கீறான் சார். பெங்களூர்ல பெரிய கம்பெனில இருந்தான். வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டான்."

கம்பெனிதான் மூடிக்கொண்டு என்னை வேண்டாம் என்றது. மாமா அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுச் சொன்னார். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது.

நான் நிறுவ வேண்டிய மென்பொருள் நல்ல சாமான். அதில் குற்றம் சொல்ல மாட்டேன். கொள்முதலுக்கு ஒரு பிரிவு, கையிருப்புக்கு ஒன்று, உற்பத்திக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று. ஒன்று தட்டினால் மற்றது எழுந்து கொள்ளும். கேட்டில் ஒரு டிராக்டர் பதிவானால் எடைமேடைத் திரையில் அது காத்துக்கொண்டிருக்கும். எடை ஏறியதும் ஷெட்டின் கையிருப்பில் சேரும். ஹாலில் பழம் எடுத்தால் கையிருப்பில் தானாகக் குறையும். கையிருப்பு ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால், யாரும் சொல்லாமலே கொள்முதல் பிரிவு மண்டி ஏஜெண்டுகளுக்கு 'காய் அனுப்பு' என்று சீட்டு அடித்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. இலை காலியானால் பரிமாறுகிறவன் தானாக வந்து நிற்பான், சாப்பிடுகிறவன் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை.

இதை நிறுவ ஒரே ஒரு நிபந்தனை. காய்க்கு எல்லாப் பிரிவிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். கையேட்டில் முதல் பக்கத்திலேயே இருந்ததாம். நான் கையேட்டை இரண்டாம் பக்கத்திலிருந்து படிக்கிற ஆள். முதல் பக்கத்தில் எப்போதும் வாழ்த்துத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம், எனக்கு எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று அங்கே எல்லோருக்கும் பயம். ஆகவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய், டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணா, உங்களுக்கு எப்படி வசதியோ அப்படியே வெச்சிடறேன்" என்றேன். கேட் வாட்ச்மேன் தெலுங்குக்காரர். தொழிற்சாலைக்கு வருவதெல்லாம் ஒரே ரகம்தான்; நுனி வளைந்து, பருத்துக் கனத்த அந்தக் காயைத் தெலுங்கில் கலெக்டர் காய் என்பார்கள். அவர் திரையில் கலெக்டர் என்று போட்டேன். எடைமேடை ஆள் முல்பாகல் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்கு அது பெங்களூரா. ஷெட்டில் மாமாவும் காய் பிரிக்கும் பெண்களும் நம் ஆட்கள், அவர்களுக்குக் கிளிமூக்கு. கூழ் ஹாலில் டின் லேபிளில் இருக்கிறபடி தோத்தாபுரி. நால்வருக்கும் பரம சந்தோஷம்.

"இதாம்பா படிச்ச புள்ளன்றது. நம்ம பேச்ச கேக்குது பாரு" என்றார் எடைமேடைக்காரர். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில் இன்னொரு காரியமும் செய்தேன். முதலாளிக்கு தினமும் காலையில் போன் லைன் வழியாகப் போகிற அறிக்கையில், சரியாக இருக்கிற கணக்கையெல்லாம் எடுத்துவிட்டு, குறைகிற சரக்கு மட்டும் சிவப்பில் வரும்படி அமைத்தேன். பெரிய மனிதர்களுக்கு நேரம் கிடையாது அல்லவா? அந்தச் சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும் அரை நாள் உட்கார்ந்தேன்.

சீசன் தொடங்கியது. டிராக்டர்கள் வந்தன. மனிதர்கள் எப்போதும் செய்கிற வேலையை எப்போதும்போலச் செய்தார்கள். காய் வந்தது, பழுத்தது, கூழாயிற்று. நடுநடுவே நான் சொல்லிக் கொடுத்தபடி ஆளுக்கு ஒரு பட்டனையும் தட்டினார்கள். யாரும் திரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவன் நான். நான் ஆபீஸ் ரூமில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, "எவ்வளவு அமைதியாப் போகுது பாத்தியா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் மெயின்ரோட்டில் ஹாரன் சத்தம் தாங்க முடியவில்லை. வெளியே வந்து பார்த்தால் கேட்டிலிருந்து வளைவு வரைக்கும் டிராக்டர்கள். அதற்கு அப்பாலும் டிராக்டர்கள். வெயிலில் காய் காய்கிறது. டிரைவர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு என் வம்சத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"யாருப்பா இவ்ளோ லோடு வரச் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஏம்பா, உங்க ஆபீஸ்லர்ந்துதான் தெனம் சீட்டு வந்துக்கினே கீது, அனுப்பு அனுப்புன்னு" என்றார் ஒரு டிரைவர். "இங்க எறக்க எடமில்ல. இன்னா, வெளையாடறீங்களா?"

உள்ளே ஓடினேன். போன் அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி.

"ஏமய்யா! காயலு ஏமய்யாயி? காயெல்லாம் என்ன ஆச்சு? கேட்ல இவ்ளோ கலெக்டர் வந்திருக்குன்னு போட்டிருக்க. ஷெட்ல ஒண்ணுகூட சேரலன்னு போட்டிருக்க. ஹால்ல பழம் இல்லன்னு போட்டிருக்க. கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல எக்கட போயிந்தி, எங்க போச்சு?"

பதிலையும் அவரே சொன்னார்.

"அந்த ஷெட் மேஸ்திரி உங்க மாமாதானே. வெளில வித்துடறாரா? ரேப்பு வஸ்துன்னானு. நாளைக்கு வந்து பாக்கறேன். கணக்கு சரியா இல்லன்னா ஆள மாத்திடறேன். உன்னோட மாமான்னு பாக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்த சிவப்பில் மாமாவின் வேலை போகப் போகிறது. அக்கா மகளின் காலேஜ் போகப் போகிறது. என்னை அங்கே கூட்டி வந்து உட்கார வைத்தவரையே நான் மாட்டிவிட்டிருக்கிறேன்.

மாமாவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. ஷெட்டுக்குப் போனேன். பழ வாசனை மூக்கைத் துளைத்தது. தரை முழுக்கக் காய். கால் வைக்க இடமில்லை. இவ்வளவு காய்க்கு நடுவில் நின்றுகொண்டு, காய் காணவில்லையாம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. சொன்னேன்.

மாமா கையிலிருந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப் போனதை நான் பார்த்திருக்கக் கூடாது. இன்னும் அது கண்ணில் நிற்கிறது.

"திருடிட்டேன்னு சொல்றாரா?"

"கேக்கறாரு மாமா."

"உன் பொட்டி சொல்லுதா?"

"பொட்டிதான் சொல்லுது."

காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கேட்டுவிட்டாள். "நம்ம மேஸ்திரியா? அய்ய, அவரு வூட்டுக்கே ஒரு பழம் எடுத்துக்கினு போவ மாட்டாரே. அக்கா நம்மகிட்ட வந்து கேட்டு வாங்கிக்கினு போவுது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மதியம் எப்போதும்போல அக்கா கொடுத்தனுப்பிய கேரியரைத் திறந்து, எனக்கு முதலில் வைத்தார்.

"துன்னு. பட்டினியா கெடந்து இன்னா கண்டுபுடிக்கப் போற?"

சாப்பிட்டேன். வெட்கம் இல்லாமல் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். மாங்காய் போட்ட சாம்பார் வேறு. அந்தக் காயும் எந்தக் கணக்கில் இருக்கிறதோ என்று மனசுக்குள் ஓடியது.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு காரியம் செய்தேன். வேலைக்குச் சேர்ந்து அதுவரைக்கும் நான் செய்யாத காரியம். ஃபேனை விட்டு எழுந்து வெயிலில் இறங்கி, கேட்டில் நின்று, உள்ளே நுழைந்த ஒரு டிராக்டருக்குப் பின்னால் நடந்தேன். காய் எங்கே காணாமல் போகிறது என்று என் கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று முடிவு.

காய் வந்துவிட்டது என்று வாட்ச்மேன் உள்ளே பார்த்துத் தெலுங்கில் குரல் கொடுத்தார். "கலெக்டர் காயலு வச்சாயி!"

டிராக்டர் எடைமேடையில் ஏறியது. எடைமேடைக்காரர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "பெங்களூரா ஒரு லோடு, போகலாம்!"

ஷெட் வாசலில் பெண்கள் கூடையோடு எழுந்தார்கள். "கிளிமூக்கு வந்துச்சு, எழுந்திருங்கடி!"

ஹால் கதவில் சூப்பர்வைசர் பலகையைத் தட்டினார். "தோத்தாபுரி பழுத்தது எவ்ளோ இருக்கு? அனுப்புங்க!"

வெயிலில் அப்படியே நின்றேன். கேட்டிலிருந்து ஹால் வரைக்கும் கூப்பிடு தூரம். அந்தக் கூப்பிடு தூரத்துக்குள் ஒரே காய் நான்கு பெயர் எடுத்துவிட்டது. மனிதர்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. ஒருவர் கலெக்டர் என்று கத்தினால் அடுத்தவர் பெங்களூரா என்று வாங்கிக்கொண்டார், காதில் விழுந்ததைத் தன் வாய்க்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார். அந்த மாற்றுகிற வேலையை என் பெட்டிக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவன் நான். பெட்டியைப் பொறுத்தவரை கலெக்டர் காய் உள்ளே வந்து ஆவியாகிவிட்டது. தோத்தாபுரி பிறக்கவே இல்லை. தோத்தாபுரி இல்லையே இல்லையே என்று கொள்முதல் பிரிவு பாவம் சீட்டுக்கு மேல் சீட்டாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. பிரிவுகளெல்லாம் ஒன்றுக்கொன்று உண்மையாகத்தான் உழைத்தன. அந்த உழைப்பில்தான் ரோடு அடைத்துக்கொண்டது.

மறுநாள் முதலாளி வந்தார். கார் உள்ளே வர இடமில்லாமல், டிராக்டர்களுக்கு நடுவில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். நேராக ஷெட்டுக்குப் போனார். தரை நிறையப் பழத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கையேட்டின் முதல் பக்கம் உட்பட. வாட்ச்மேனுக்கும் எடைமேடைக்காரருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது உட்பட. முதலாளி கேட்டு முடித்து, தரையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ ஒருத்தரும் திருடல."

"இல்ல சார்."

"நீதான் என்னை மோசம் பண்ணிட்ட."

"ஆமா சார்."

"நீ கெளம்பு. இன்னைக்கே கெளம்பு."

அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். முதல்நாள் முழுக்கத் தன்னைத் திருடன் என்று நினைத்த மனிதரிடம், திருடன் என்று நினைக்க வைத்தவனுக்காகப் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"சார், சீசன் முடியட்டும். இப்போ இவன தொரத்திட்டீங்கன்னா, அந்தப் பொட்டி சீட்டு அடிச்சிக்கினே இருக்குமே, அத யாரு நிறுத்தறது?"

முதலாளிக்கு முகம் மாறியது. வெளியே ஹாரன் சத்தம் அதற்குப் பின்பாட்டு மாதிரி கேட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரே, சரே" என்றார். "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணணும். மொதல்ல ரோட்ட காலி பண்ணு."

ரோட்டைக் காலி செய்தது மாமா. பக்கத்துத் தொழிற்சாலைகளில் தனக்குத் தெரிந்த மேஸ்திரிகளுக்குச் சொல்லியனுப்பி, லோடுகளை அங்கே திருப்பிவிட்டார். நான் செய்தது ஒரே வேலை. கேட், எடைமேடை, ஷெட், ஹால், கொள்முதல் என்று எல்லோரையும் கேன்டீனில் ஒரே மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தேன். ஒரே தொழிற்சாலையில் இருந்தும் அவர்கள் அதுவரைக்கும் ஒன்றாக உட்கார்ந்ததே கிடையாது. டீ இந்த முறையும் நான்தான் வாங்கினேன், ஆனால் எல்லோருக்கும் ஒரே தட்டில்.

"ஒரே பேர் வைக்கணும், என்ன பேர் வைக்கலாம்?" என்றேன். அதோடு அமைதி முடிந்தது.

வாட்ச்மேன், கலெக்டர்தான் என்றார். இந்த ஜில்லா காய்க்கு இந்த ஜில்லா பெயர்தான் மரியாதையாம். எடைமேடைக்காரர், "பெங்களூரான்னாதான் வெளியூர் வியாபாரிக்குப் புரியும், கலெக்டர்னா ஆபீஸ்ல ஆளத் தேடிக்கினு போவான்" என்றார். ஹால் சூப்பர்வைசர் ஒரு டின்னையே கொண்டுவந்து மேஜையில் வைத்து லேபிளைக் காட்டினார்.

காய் பிரிக்கும் பெண்களின் சார்பில் வந்திருந்தவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அது மூஞ்சப் பாரு. கிளி மூக்கு மாதிரி இல்ல? உங்க கலெக்டருக்கு இப்படியா மூக்கு கீது?"

"எங்க கலெக்டர் மூக்கப் பத்திப் பேசாதம்மா" என்றார் வாட்ச்மேன். தெலுங்கும் தமிழும் மேஜையில் கலந்து ஓடின. சண்டை என்று நினைத்து சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

எனக்கு அந்தச் சத்தம் கேட்கக் கேட்க சந்தோஷமாக இருந்தது. தனித்தனியாகக் கேட்டபோது எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், கணக்கு நாசமாயிற்று. சேர்ந்து உட்கார்ந்தபோது எல்லோரும் என்னைத் திட்டினார்கள். அங்கேதான் கணக்கு நேரானது. கடைசியில் யார் பெயரும் தோற்கவில்லை. காய்க்கு ஒரு எண் கொடுத்தோம். பெட்டிக்குள் எல்லாப் பிரிவும் அந்த எண்ணைத்தான் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். வெளியே திரையில் அவரவருக்கு அவரவர் பெயர். மனிதர்கள் காதால் செய்துகொண்டிருந்த வேலைதான் அது; அதைப் பெட்டிக்குள் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். இந்த முறை கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதில் வாழ்த்தும் இருந்தது.

சாயங்காலம் முதலாளி பார்க்க, ஒரு டிராக்டரை உள்ளே விட்டோம். கேட்டில் தட்டியது எடைமேடையில் எழுந்தது, எடைமேடை தட்டியது ஷெட்டில் எழுந்தது, ஹாலில் எடுத்தது ஷெட்டில் குறைந்தது. சீட்டு அடிப்பது நின்றது. முதலாளி அறிக்கையைப் பார்த்தார். சிவப்பே இல்லை. மாமாவின் தோளில் கையை வைத்து, "மேஸ்திரி, மனசுல வெச்சுக்காதீங்க" என்று தமிழிலேயே சொன்னார். மாமா தலையை மட்டும் ஆட்டினார். வேலை நிலைத்தது. அக்கா மகள் படிப்பை முடித்தாள். இப்போது அவள் இருக்கிற ஊரின் பெயரை எனக்குச் சரியாக உச்சரிக்க வராது.

அதற்கப்புறம் எத்தனையோ இடங்களில் இதே பெட்டிகளை வைத்துக் கொடுத்துப் பிழைத்திருக்கிறேன். எங்கே போனாலும் முதல் வேலையாக எல்லோரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, என்னைத் திட்ட விடுவேன். அந்தத் தொழிலை எனக்குக் கொடுத்தவர்கள் அந்த வாட்ச்மேன், அந்த எடைமேடைக்காரர், இடுப்பில் கைவைத்து நின்ற அந்தப் பெண், சிரிப்பை அடக்க முடியாத அந்த முதலாளி. எல்லோருக்கும் மேலே மாமா.

அதை அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வேலை முடிந்து அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் மாந்தோப்பு, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காற்றில் கேட்க வேண்டுமே என்று அவர் காதருகே குனிந்து, உரக்கப் பேச ஆரம்பித்தேன். "மாமா, வேற யாராவதா இருந்தா இன்னைக்கு என்னை விட்டுக் குடுத்திருப்பாங்க. நீங்க உங்க பேர் கெட்டதையும் பாக்காம எனக்காகப் போய் நின்னீங்க. இந்த ஜென்மத்துல நான் இதுக்கு என்ன செய்யப் போறேன்னே தெரியல. எங்க நைனா உசுரோட இருந்திருந்தாகூட..."

மாமா திரும்பிப் பார்க்கவில்லை.

"வாய மூடிக்கினு வா மச்சான், பூச்சி பூந்துடும்."